சூரிய ஒளிக்கு ஒரு நீர்க்கட்டி: ஆர்வி முகாமுக்கு சார்ஜ் கண்ட்ரோலர் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிதாக ஆர்வி வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட் சோலார் பேனல் போடலாம்?" என்பது. சூரியத் தகட்டின் வாட் அளவைப் பற்றி நாள் கணக்கில் யோசிப்பார்கள். தகட்டுக்கும் பாட்டரிக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் சிறிய பெட்டியைப் பற்றிக் கேட்பவர் குறைவு. கடைக்காரர் கொடுத்ததை வாங்கி மாட்டிவிடுவார்கள். ஆனால் பாட்டரி ஐந்து வருடம் உழைக்குமா, ஒரே குளிர்காலத்தில் செத்துப் போகுமா என்பதை முடிவு செய்வது அந்தப் பெட்டிதான். அதற்குத்தான் சார்ஜ் கண்ட்ரோலர் என்று பெயர்.

எங்கள் வீட்டில் இது வெறும் பொழுதுபோக்கு விஷயமல்ல. அப்பா எங்களோடு இருக்கிறார். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் கோளாறு அவருக்கு உண்டு; இரவெல்லாம் சிபாப் கருவி ஓட வேண்டும். இன்சுலினும் போட்டுக்கொள்கிறார், பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் உள்ள மேதர் முகாமில் மின் இணைப்பு கிடையாது. ஜெனரேட்டரைக் குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே ஓட்டலாம், இரவில் கூடாது. ஆகவே இரவு முழுவதற்குமான மின்சாரம் பகலிலேயே பாட்டரிக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இந்தத் தேவைக்காகப் படித்ததையும் அளந்து பார்த்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

கண்ட்ரோலர் என்ன செய்கிறது?

நம் ஊர் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எந்த வயலுக்கு எவ்வளவு தேவை என்று பார்த்து மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. ஏரியில் தண்ணீர் நிறைய இருக்கிறதே என்று திறந்துவிட்டுப் போய்விட்டால் பயிர் அழுகிவிடும். சார்ஜ் கண்ட்ரோலர் செய்வதும் நீர்க்கட்டியின் வேலைதான். ஏரிக்குப் பதில் சூரியத் தகடு. வயலுக்குப் பதில் பாட்டரி.

சந்தையில் '12 வோல்ட் தகடு' என்று விற்கப்படும் 100 வாட் தகட்டை எடுத்துக்கொள்வோம். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டில் சுமாராக இப்படி இருக்கும்: அதிக சக்தி தரும் நிலையில் 18 வோல்ட், 5.6 ஆம்பியர், ஒன்றும் இணைக்காத திறந்த நிலையில் 22 வோல்ட். 12 வோல்ட் பாட்டரிக்கு இதை நேரே இணைத்தால் பாட்டரி நிறைந்த பிறகும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஈய அமில பாட்டரி கொதித்து நீர் வற்றும். ஹைட்ரஜன் வாயு வெளியேறும். இதைத் தடுப்பது கண்ட்ரோலரின் முதல் கடமை. இரவில் பாட்டரியிலிருந்து தகட்டுக்கு மின்சாரம் திரும்பி ஓடாமல் காப்பது இரண்டாவது கடமை.

இரண்டு வகைகள்

கண்ட்ரோலர்களில் முக்கியமான வகைகள் இரண்டு: பிடபிள்யூஎம், எம்பிபிடி.

பிடபிள்யூஎம் வகை ஒரு வேகமான சுவிட்ச். தகட்டையும் பாட்டரியையும் நேராக இணைக்கும். பாட்டரி நிறைய நிறைய விநாடிக்குப் பலமுறை துண்டித்துத் துண்டித்து இணைக்கும். இணைந்திருக்கும்போது தகட்டின் வோல்ட் பாட்டரியின் வோல்ட்டுக்கு இறங்கிவிடும். 18 வோல்ட்டில் வேலை செய்ய வேண்டிய தகடு 13 வோல்ட்டில் வேலை செய்யும். ஆம்பியர் மாறாது. 13 வோல்ட்டை 5.6 ஆம்பியரால் பெருக்கினால் 73 வாட். 100 வாட் தகட்டில் 27 வாட் இப்படியே போய்விடுகிறது.

எம்பிபிடி வகை சைக்கிள் கியர் மாதிரி. தகட்டை அதற்கு உகந்த 18 வோல்ட்டிலேயே ஓடவிட்டு, அந்த மின்சாரத்தைக் குறைந்த வோல்ட், கூடுதல் ஆம்பியர் என்று மாற்றிப் பாட்டரிக்குத் தருகிறது. மேகம், வெயில், வெப்பம் மாற மாற உகந்த புள்ளியும் நகரும். கண்ட்ரோலர் வோல்ட்டைச் சற்றே ஏற்றியும் இறக்கியும் பார்த்து அந்தப் புள்ளியைத் துரத்திக்கொண்டே இருக்கும். மாற்றுவதில் 5 சதவீதம் இழப்பு என்று வைத்துக்கொண்டாலும் 95 வாட் மிஞ்சும். 13 வோல்ட் பாட்டரிக்குள் 7.3 ஆம்பியர் போகும்.

அப்படியானால் எம்பிபிடி எப்போதும் 30 சதவீதம் அதிகம் தருமா? விளம்பரங்கள் அப்படித்தான் சொல்கின்றன. தகட்டின் வெப்பத்தைக் கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சிலிக்கான் தகடு சூடேறினால் அதன் வோல்ட் குறையும். அரிசோனாக் கோடையில் கூரை மேலுள்ள தகடு 65 டிகிரியை எளிதில் எட்டும். அப்போது 18 வோல்ட் ஏறத்தாழ 15 ஆகிவிடும். பாட்டரியும் நிறையும் தருவாயில் 14 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் இரண்டு வகைக்கும் வித்தியாசம் அநேகமாக ஒன்றுமில்லை. மாறாக, குளிர்கால வெயிலில் 10 டிகிரியில் இருக்கும் தகடு 19 வோல்ட் தரும். இரவெல்லாம் உழைத்த பாட்டரி 12.8 வோல்ட்டில் காத்திருக்கும். அந்த நேரத்தில் எம்பிபிடி 40 சதவீதம் வரை கூடுதலாகத் தரும். சுருக்கமாக, எம்பிபிடிக்குக் கொடுக்கும் காசு குளிர்காலத்தில்தான் திரும்பி வருகிறது.

கோடையில் மட்டும் வார இறுதிக்குப் போய், விளக்கு எரியவும் கைபேசிக்கு மின்னேற்றவும் மட்டும் மின்சாரம் தேவைப்படுவோருக்கு, ஒரே ஒரு 100 வாட் தகட்டுக்குச் சில பத்து டாலரில் கிடைக்கும் பிடபிள்யூஎம் தாராளமாகப் போதும். குளிர்கால முகாம், பல தகடுகள், வீட்டுக் கூரையில் போடும் பெரிய தகடு, மருத்துவக் கருவி ஆகியவற்றில் ஒன்றிருந்தாலும் எம்பிபிடி வாங்குவதுதான் சரி. 30 ஆம்பியர் தரமான எம்பிபிடி நூறு முதல் இருநூறு டாலருக்குள் கிடைக்கிறது.

முதலில் செலவுக் கணக்கு

எங்கள் வண்டியில் ஒரு குளிர்கால நாளின் செலவு இது. 12 வோல்ட் பாட்டரியிலிருந்து எத்தனை ஆம்பியர் மணி என்று கணக்கிட்டிருக்கிறேன்.

12 வோல்ட் கம்ப்ரசர் குளிர்பெட்டி: 35
ஹீட்டர் விசிறி, 7 ஆம்பியர் வீதம் 4 மணி நேரம்: 28
சிபாப், ஈரமூட்டி அணைத்து, 2 ஆம்பியர் வீதம் 8 மணி நேரம்: 16
கைபேசி, மடிக்கணினி: 8
விளக்குகள்: 6
எரிவாயு, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிகளும் இதர சில்லறைச் செலவும்: 5
தண்ணீர் பம்பு: 2

மொத்தம் 100 ஆம்பியர் மணி. புரொப்பேன் எரிவாயுவில் வீடு சூடானாலும் அந்தச் சூட்டை ஊதும் விசிறிக்கு மின்சாரம் வேண்டும் என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. சிபாப்பின் ஈரமூட்டியையும் சூடாகும் குழாயையும் இயக்கினால் அதன் செலவு இரண்டு மூன்று மடங்காகும். ஈரமூட்டி இல்லாமல் ஓட்டலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சட்னி மிக்சியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 500 வாட் மிக்சி மூன்று நிமிடம் ஓடினால் 2 ஆம்பியர் மணிதான். 1500 வாட் அறைச் சூடேற்றிதான் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாள் செலவையும் விழுங்கிவிடும்.

இனி வரவு. தெற்கு அரிசோனாவில் டிசம்பர் மாதம், கூரையில் படுக்கையாக வைத்த தகட்டுக்கு ஒரு நாளில் முழு வெயில் சுமார் 3 மணி நேரத்துக்குச் சமம். அதையே தெற்கு நோக்கிச் சாய்த்து வைத்தால் ஏறத்தாழ 5 மணி நேரம். எங்களிடம் இருப்பது 400 வாட். அழுக்கு, கம்பி, மாற்றம் ஆகிய இழப்புகளுக்கெல்லாம் கால் பங்கைக் கழித்துவிட்டால், சாய்த்து வைத்த தகடு எம்பிபிடி வழியாக ஒரு நாளைக்கு 1500 வாட் மணி, அதாவது சுமார் 115 ஆம்பியர் மணி தரும். அதே தகடு, அதே வெயில், பிடபிள்யூஎம் வழியாக வந்தால் 80 சொச்சம். செலவு 100. ஒன்று தேவையைத் தாண்டுகிறது, மற்றது தாண்டவில்லை. படுக்கையாக வைத்தால் எம்பிபிடி கூட 70-ஐத் தாண்டாது. தகட்டைச் சாய்த்து நிறுத்தும் கால்கள் எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்து தெரியும்.

பெட்டியில் எழுதியிருக்கும் இரண்டு எண்கள்

எம்பிபிடி கண்ட்ரோலர்களில் இரண்டு எண்கள் முக்கியம். நெதர்லாந்தின் விக்ட்ரான் நிறுவனம் அவற்றைப் பெயரிலேயே வைத்துவிடுகிறது: 75/15, 100/30, 100/50 என்பது போல. முதல் எண், தகட்டுப் பக்கத்திலிருந்து தாங்கக்கூடிய உச்ச வோல்ட். இரண்டாவது, பாட்டரிப் பக்கத்துக்குத் தரக்கூடிய உச்ச ஆம்பியர். மற்ற நிறுவனங்களின் கையேடுகளிலும் இந்த இரண்டும் இருக்கும். தேடிப் படிக்க வேண்டும்.

இவற்றின் குணம் வேறு வேறு. ஆம்பியர் வரம்பைத் தகடு தாண்டினால் தரமான எம்பிபிடி மிஞ்சியதை எடுக்காமல் விட்டுவிடும். நமக்குச் சற்று நஷ்டம், கருவிக்கு ஒன்றும் ஆகாது. தகட்டின் குறும்சுற்று மின்னோட்டத்துக்குத் தனி வரம்பு சொல்லியிருந்தால் அதை மட்டும் மீறக் கூடாது. வோல்ட் வரம்பு அப்படியல்ல. அதைத் தாண்டினால் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்கள் எரியும். உத்தரவாதமும் போய்விடும்.

வோல்ட் எப்போது உச்சத்தைத் தொடும்? நண்பகலில் என்று நினைப்போம். உண்மையில், கடுங்குளிர் இரவு முடிந்து முதல் வெயில் தகட்டில் விழும் அந்தக் காலை நேரத்தில்தான். தகடு குளிர்ந்திருக்கும், வெளிச்சம் வந்துவிட்டிருக்கும். சீட்டில் அச்சிட்ட 22 வோல்ட் என்பது 25 டிகிரிக்கான எண். அமெரிக்க தேசிய மின் விதித் தொகுப்பு இதற்கு ஓர் அட்டவணை தருகிறது. சிலிக்கான் தகடுகளுக்கு, சுழியத்துக்குக் கீழ் 10 டிகிரி என்றால் 1.14-ஆலும், கீழ் 20 டிகிரி என்றால் 1.18-ஆலும் பெருக்க வேண்டும்.

நான்கு தகடுகளைத் தொடராக, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 88 வோல்ட். 100 வோல்ட் கண்ட்ரோலருக்கு இது பத்திரம் என்று தோன்றும். 88-ஐ 1.18-ஆல் பெருக்குங்கள்: 103.8 வோல்ட். குவார்ட்சைட் பாலைவனத்தில் ஆயிரம் அடிக்கும் குறைவான உயரத்தில் இந்த இணைப்பு குளிர்காலம் முழுவதும் ஒழுங்காக வேலை செய்யும். அங்கிருந்து ஒரே நாள் ஓட்டத்தில் ஏழாயிரம் அடி உயரத்திலுள்ள கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்புக்குப் போனால், ஜனவரி இரவுகளில் சுழியத்துக்குக் கீழ் 8, 10 டிகிரி சாதாரணம். குளிரலை வந்தால் 20-க்கும் கீழே போனதுண்டு. அப்படிப்பட்ட ஒரு விடியலில் கருவி எரிந்தால் அன்றிரவு சிபாப் ஓடாது. வீடு ஓரிடத்தில் நிற்கும், ஆர்வி நிற்காது. ஆகவே இன்று நிற்கும் இடத்தின் குளிரைக் கொண்டு கணக்கிடாமல், வண்டி போகக்கூடிய மிகக் குளிர்ந்த இடத்தைக் கொண்டு கணக்கிட வேண்டும்.

எங்கள் நான்கு தகடுகளை இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அந்த இரண்டு ஜோடிகளையும் பக்க இணைப்பில் சேர்த்திருக்கிறேன். 44 வோல்ட், கடுங்குளிரில் 52. 400 வாட்டை 13-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 30 ஆம்பியர். 100/30 வகை சரியாகப் பொருந்துகிறது. பின்னால் தகடு கூட்டும் எண்ணமிருந்தால் 50 ஆம்பியர் வாங்கிக்கொள்ளலாம்.

நான்கையும் பக்க இணைப்பில் போடாததற்குக் காரணம் கம்பி. 30 அடி தூரத்துக்குப் போக வர 10 கேஜ் கம்பியின் மின்தடை சுமார் 0.06 ஓம். நான்கும் பக்க இணைப்பில் இருந்தால் 22 ஆம்பியர் ஓடி, 29 வாட் கம்பியிலேயே சூடாகப் போய்விடும். இரண்டிரண்டாக இணைத்தால் 11 ஆம்பியர். இழப்பு 7 வாட். தொடரிணைப்பில் வேறொரு நன்மையும் உண்டு. விக்ட்ரான் கருவிகள் வேலையைத் தொடங்க, தகட்டின் வோல்ட் பாட்டரியைவிட 5 வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். சூடான ஒற்றைத் தகட்டுக்கு அது சில சமயம் எட்டாது. தொடரிணைப்பில் குறையும் உண்டு: மர நிழல் ஒரு தகட்டில் விழுந்தால் அதன் ஜோடியும் பாதிக்கப்படும். எப்போதும் மரத்தடியில்தான் நிற்பேன் என்பவர் பக்க இணைப்பில் போட்டுத் தடித்த கம்பி வாங்குவது நல்லது.

பாட்டரியின் ஜாதகம்

கண்ட்ரோலரில் பாட்டரியின் வகையைச் சரியாகச் சொல்லிவைக்க வேண்டும். ஈய அமில பாட்டரிக்கு 14.4 முதல் 14.8 வோல்ட் வரை ஏற்றி, நிறைந்த பின் 13.5 அளவில் பிடித்து வைப்பார்கள். குளிரில் இந்த அளவைச் சற்றுக் கூட்ட வேண்டும். இதற்கு வெப்ப உணரி உதவும். நீர் ஊற்றும் வகைக்கு மட்டும் எப்போதாவது 15 வோல்ட்டுக்கு மேல் சமப்படுத்தும் ஏற்றம் தருவார்கள்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரிக்கு இந்தச் சடங்குகள் ஆகாது. 14.2 முதல் 14.6 வோல்ட் போதும். சமப்படுத்தும் ஏற்றமும் வெப்பத்துக்கேற்ற திருத்தமும் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுழியம் டிகிரிக்குக் கீழ் அதற்கு மின்னேற்றக் கூடாது. ஏற்றினால் லித்தியம் உலோகமாக உள்ளே படிந்து பாட்டரி நிரந்தரமாகப் பழுதாகும். மின்சாரம் எடுக்கலாம், கொடுக்கத்தான் கூடாது. பல பாட்டரிகளின் உள்ளேயே பிஎம்எஸ் என்னும் காவலாளி இதைத் தடுக்கும். எல்லாவற்றிலும் இல்லை. பாட்டரியின் வெப்பத்தை அளந்து தானே நிறுத்திக்கொள்ளும் கண்ட்ரோலர் இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு. பாட்டரியை வண்டிக்கு உள்ளே, மனிதர் தூங்கும் சூட்டிலேயே வைப்பது அதைவிட மேல்.

போலிகளை அறிவது

'எம்பிபிடி' என்று பெரிதாக அச்சிட்டு உள்ளே பிடபிள்யூஎம் வைத்து விற்கும் மலிவுக் கருவிகள் சந்தையில் உண்டு. கண்டுபிடிப்பது எளிது. உண்மையான எம்பிபிடிக்குள் கம்பி சுற்றிய கனமான சுருள் இருக்கும்; கையில் எடுத்தாலே எடை தெரியும். நல்ல வெயிலில், பாட்டரி குறைந்திருக்கும்போது, நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரால் இரு பக்கமும் ஆம்பியரை அளந்து பாருங்கள். பாட்டரிப் பக்கம் கூடுதலாக இருந்தால் எம்பிபிடி. இரண்டும் சமமாக இருந்தால் அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் அது பிடபிள்யூஎம்தான்.

பொருத்தும்போது

முதலில் பாட்டரியை இணைக்க வேண்டும், பிறகு தகட்டை. கழற்றும்போது தகடு முதலில். எத்தனை வோல்ட் அமைப்பு என்பதைக் கண்ட்ரோலர் பாட்டரியைப் பார்த்துத்தான் அறிகிறது.

கண்ட்ரோலரைப் பாட்டரிக்கு அருகில் வையுங்கள். ஆனால் நீர் ஊற்றும் பாட்டரி இருக்கும் அதே அறையில் வேண்டாம், ஹைட்ரஜன் வாயு ஆபத்து. காற்றோட்டம் தேவை. பாட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஃப்யூஸ் இருக்க வேண்டும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வரிசைகள் பக்க இணைப்பில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்யூஸ்.

சில கண்ட்ரோலர்களில் 'லோட்' என்றொரு முனை இருக்கும். அது சிறு விளக்குகளுக்கு மட்டும். இன்வெர்ட்டரை நேரே பாட்டரியோடுதான் இணைக்க வேண்டும். வண்டியின் வெளிச்சுவரில் தகடு செருகும் எஸ்ஏஇ முனை இருந்தால், நேர், எதிர் முனைகளை மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே செருகுங்கள்; சில வண்டிகளில் மாறியிருக்கும். கையில் தூக்கிப் போகும் மடிப்புத் தகட்டில் கண்ட்ரோலர் ஏற்கெனவே இருந்தால், அதை வண்டியின் கண்ட்ரோலர் வழியாக மறுபடி செலுத்தக் கூடாது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

ஒரு நாளைக்கு எத்தனை ஆம்பியர் மணி வேண்டும்? நான் போகக்கூடிய மிகக் குளிர்ந்த இடத்தில், விடியற்காலையில், என் தகடுகளின் வோல்ட் எவ்வளவு? தகட்டின் மொத்த வாட்டை 13-ஆல் வகுத்தால் எத்தனை ஆம்பியர்? என் பாட்டரி வகைக்கான அமைப்பு இதில் உண்டா, அதை நானே மாற்ற முடியுமா? குளிரில் மின்னேற்றத்தை நிறுத்துமா? இந்த ஐந்துக்கும் ஒரு தாளில் பதில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். பதிலில் வரும் எண்களுக்குப் பொருந்தும் கருவிகள் நான்கைந்துதான் இருக்கும். அவற்றில் எதை வாங்கினாலும் பெரிய தவறில்லை.

கைபேசியில் புளூடூத் வழியாகக் கணக்குக் காட்டும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. மாலையில் ஒருமுறை பார்த்தால் இன்று எவ்வளவு வந்தது என்று தெரிந்துவிடும். வரவு குறைந்த நாளில் மடிக்கணினியை மூடிவிடலாம், விளக்கைக் குறைக்கலாம், ஹீட்டரின் அளவை இரண்டு டிகிரி இறக்கிவிட்டுக் கூடுதலாக ஒரு கம்பளி போர்த்திக்கொள்ளலாம். சிபாப்புக்கு உரிய 16 ஆம்பியர் மணியில் மட்டும் கை வைக்காதீர்கள்.